மினி டிராக்டர்: பழசா, புதுசா? முதல்ல மணிக்கணக்கு!

உங்களுக்குப் புதுச்சேரி டவுன்ல வேலை, அப்பாவுக்குப் பாகூர்ல கொஞ்சம் நிலம். "வாடகை வண்டி நேரத்துக்கு வரல, சொந்தமா வாங்கிடலாமா?"ன்னு கேட்கிறார். இஎம்ஐ உங்க சம்பளத்துலதான் போகும். அதனால விலைக்கு முன்னாடி, வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்னு பாருங்க.

ஒரு உதாரணம். எண்கள் அனுமானம்தான், உங்க எண்களைப் போட்டுக்கோங்க. 5 வருஷம் வெச்சிருந்து விற்றால், ஆண்டுச் செலவு:

• பழசு (வாங்க 2 லட்சம், விற்க 1 லட்சம்): தேய்மானம் 20,000 + வட்டி இழப்பு 10,000 + ரிப்பேர் 26,000 = 56,000 ரூபாய்
• புது டீசல் வண்டி (வாங்க 4 லட்சம், விற்க 2.5 லட்சம்): தேய்மானம் 30,000 + வட்டி 30,000 + சர்வீஸ் 10,000 = 70,000 ரூபாய்

டீசல், டிரைவர் கூலி போக மணிக்கு 700 ரூபாய் வாடகை மிச்சம்னா, பழசு 80 மணி நேரமும் புதுசு 100 மணி நேரமும் ஓடினால்தான் கட்டுப்படியாகும். 80-க்குக் கீழேன்னா ரெண்டுமே வேண்டாம், வாடகையே போதும்.

வித்தியாசம் 14,000 ரூபாய். நடவு நேரத்துல வண்டி நின்னுபோகிற ரிஸ்க்கைக் குறைக்க நீங்க கொடுக்கிற விலை அது. ஓட்டம் அதிகம்னா கொடுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை:

1. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12%-லிருந்து 5% ஆகிடுச்சு. பழைய வண்டிக்குப் பேரம் பேசும்போது இன்றைய புது விலையோட ஒப்பிடுங்க.
2. பழசுன்னா மணி மீட்டரைப் பாருங்க. ஆர்சியில வங்கிக் கடன் பதிவு நீக்கியாச்சான்னும் பாருங்க.
3. பக்கத்து வயலுக்கு வாடகைக்கு ஓட்டினால் வர்ற பணம் விவசாய வருமானம் இல்லை. வருமான வரிக் கணக்குல காட்டணும்.

போன வருஷம் எத்தனை மணி நேரம் வாடகைக்கு ஓடுச்சுன்னு இன்னைக்கே அப்பாகிட்ட கேளுங்க. பதிலைக் கமென்ட்ல போடுங்க, சேர்ந்து கணக்கு பார்ப்போம்.