கர்ப்ப கால நலங்கு மாவில் கார்போக அரிசி வேண்டாம்

வீட்டில் பெண் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததுமே நலங்கு மாவு அரைக்கும் பேச்சு தொடங்கிவிடும். ராயகிரியிலிருந்து சிவகிரிக்கோ புளியங்குடிக்கோ போய் நாட்டு மருந்துக் கடையில் சீட்டை நீட்டினால், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், விலாமிச்சை, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, கார்போக அரிசி என்று பத்துப் பன்னிரண்டு சாமான்கள் பொட்டலமாக வரும். சோப்பைக் குறைத்து மாவுக்கு மாறுவது நல்ல யோசனைதான். கர்ப்ப காலத்தில் பலருக்குத் தோல் வறளும். வயிறு பெருக்கும்போது நமைச்சல் எடுக்கும். காரமான சோப்பு அதைக் கூட்டும். ஆனால் அந்தச் சீட்டில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே அரைத்துவிடாதீர்கள். சாமான் குறையக் குறைய ஒவ்வாமைக்கு இடமும் குறையும். அப்படியே ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனாலும் எது காரணம் என்று உடனே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் நீக்க வேண்டியது கார்போக அரிசி. கறுத்த, சிறிய விதை இது. இதிலுள்ள சொராலென் என்ற பொருள் தோலில் படிந்திருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து, பிறகு கறுத்துப்போகும். வெண்புள்ளிக்கு மருத்துவர் அளவு பார்த்து இதைக் கொடுப்பதும் வெயிலோடு சேர்ந்து இது செய்யும் இந்த வேலைக்காகத்தான். கர்ப்பத்திலோ முகத்தில் நிறமி சுரப்பது ஏற்கெனவே கூடியிருக்கும். குளித்துவிட்டுக் கொடியில் துணி காயப்போடும் கொஞ்ச நேர வெயிலே போதும், வினை வந்து சேர. கர்ப்பிணிக்கு இது பாதுகாப்பானது என்று சொல்ல நம்பகமான ஆதாரமும் இல்லை.

அடுத்தது எலுமிச்சை. புளியங்குடிச் சந்தை பக்கத்திலேயே இருப்பதால் நம் வட்டாரத்தில் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. சாறாகவும், தோலை உலர்த்திய பொடியாகவும் முகத்துக்குப் போடுகிறார்கள். எலுமிச்சையிலும், குறிப்பாக அதன் தோலில், சொராலென் வகைப் பொருள்கள் உண்டு. சாறின் புளிப்பு தனியாக எரிச்சல் தரும். பழத்தைக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள், முகத்துக்கு வேண்டாம்.

சரி, எதைத்தான் அரைப்பது? கால் கிலோ பச்சைப்பயறு, ஒரு கைப்பிடி காய்ந்த நாட்டு ரோஜா இதழ், வாசனைக்குச் சிறிது வெட்டிவேர். இவ்வளவு போதும். பயற்றை வெயிலிலும் இதழை நிழலிலும் மொறுமொறுவென்று காயவையுங்கள். வெட்டிவேரை அலசி மண் போக்கி, காயவைத்துப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். மில்லில் கொடுப்பதாக இருந்தால், மிளகாய்த் தூள் அரைத்த கையோடு உங்கள் மாவைப் போடவிடாதீர்கள். முதலில் கொஞ்சம் அரிசியை ஓட்டித் தரச் சொல்லுங்கள். மாவை மெல்லிய துணியில் இரண்டு முறை சலியுங்கள். வேர்த் துணுக்கு தங்கினால் விரிந்த வயிற்றுத் தோலைக் கீறிவிடும். ஈரமில்லாத கண்ணாடிச் சீசாவில் வைத்து, உலர்ந்த கரண்டியால் எடுத்தால் இரண்டு மாதம் தாங்கும். தண்ணீரிலோ தயிரிலோ குழைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்காத ஈரக் கலவையில் கிருமியும் பூஞ்சையும் வேகமாகப் பெருகும். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிவதற்கு முன்பே அது கெட்டிருக்கும்.

புது மாவை முதலில் முழங்கை உட்புறத்தில் சிறிது தடவிக் கழுவிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். முன்பு ஒத்துக்கொண்ட பொருள்கூடக் கர்ப்பத்தில் சிலருக்கு ஒவ்வாமல் போகிறது. மாவை அழுத்தித் தேய்க்காமல், பூசி அலம்பினால் போதும்.

மஞ்சள் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஆச்சிமார்கள் சொன்னால், விரலி மஞ்சளாக வாங்கி வீட்டில் இடித்து ஒரு சிட்டிகை சேருங்கள். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்குகளின் பொடியும் விற்கிறது. மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலக்கும் மோசடியை 2019-இல் வங்கதேசத்தில் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். உடம்புக்குள் போன ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையையும் எட்டும். அடர்ந்து மின்னும் உதிரிப் பொடியை நம்பாதீர்கள்.

வயிற்று வரிகளுக்கு எந்த எண்ணெய் என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. வரி விழாமல் தடுக்கும் எண்ணெய் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. 2012-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், தடவும் களிம்புகள் வரிகளைத் தடுக்கின்றன என்பதற்கு வலுவான சான்றில்லை என்றே சொன்னது. ஆகவே விலையுயர்ந்த புட்டிக்கு ஆசைப்பட வேண்டாம். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய், மூலிகை எதுவும் போட்டுக் காய்ச்சாமல், குளித்த ஈரம் காயுமுன் மெதுவாகப் பூசினால் வறட்சியும் நமைச்சலும் அடங்கும். முகத்தில் பரு உள்ளவர்கள் மட்டும் முகத்தை விட்டுவிடுங்கள். எண்ணெய் சிந்திய குளியலறைத் தரையில் வழுக்கி விழுவதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து, உட்கார்ந்து பூசுங்கள்.

சீசனுக்குக் குற்றாலம் போய் வருகிறவர்கள் அன்போடு தைலப் புட்டி வாங்கி வருவார்கள். உடம்பு வலித் தைலங்கள் பலவற்றில் கற்பூரமும், ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கும். இரண்டும் தோல் வழியே உடம்புக்குள் போகக்கூடியவை. கர்ப்பிணியின் இடுப்பு வலிக்கு அவற்றைத் தேய்க்க வேண்டாம்.

முகத்தில் மங்கு விழுந்தால் மனம் நோகும். அதுவும் உறவுக்காரர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லும்போது. பிரசவத்துக்குப் பின் பலருக்கு அது தானாகவே மங்கிவிடும். அதுவரை குடையும் முக்காடும்தான் நல்ல மருந்து. துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீனும் போடலாம். சிவப்பழகுக் கிரீம் வாங்கவே வாங்காதீர்கள். 2023-இல் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், அப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டார்கள். கிரீமில் இருந்தது பாதரசம். அதுவும் கருவைத் தாக்கக்கூடிய நஞ்சு.

வளைகாப்புக்கு மருதாணி வைக்கத் தடையில்லை, இலை பறித்து அம்மியில் அரைத்ததாக இருந்தால். சிறிது நேரத்திலேயே கன்னங்கரேலென்று பிடிக்கும் கோன்களில் தலைச்சாயத்து இரசாயனம் இருக்கும், கையே கொப்பளித்துப்போகும்.

கடைசியாக ஒன்று, மிக முக்கியமானது. ஆறாம் மாதத்துக்குப் பிறகு உள்ளங்கையும் உள்ளங்காலும் நமைத்து, இரவில் தூங்கவிடாமல் கூடி, தடிப்போ கொப்புளமோ இல்லாதிருந்தால், அதைச் சூடு என்று நினைத்து மாவு பூசிக்கொண்டிருக்காதீர்கள். கல்லீரலில் பித்தநீர் தேங்கி ரத்தத்தில் கலப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். முற்றினால் வயிற்றிலுள்ள குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அன்றே உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கோ போங்கள். எங்கே போவது என்று புரியாவிட்டால் 104-க்கு அழைத்துக் கேளுங்கள்.