கேம் பாஸ்: கிளம்பப்போகும் கேமை முதலில் எடுங்கள்

2020 மே 7-ஆம் தேதி ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸுக்கு வந்தது. செப்டம்பர் 7-ஆம் தேதி போய்விட்டது. நடுவில் இருந்தது நான்கே மாதம். கதையை மட்டும் ஓட்டினாலே ஐம்பது மணி நேரம் இழுக்கும் கேம் அது. குதிரையை நிறுத்திவிட்டு மீன் பிடிக்க இறங்குகிற ரகத்துக்கு நூறு மணி நேரமும் போதாது. சனி, ஞாயிறு சேர்த்து இரண்டு மணி நேரம் மட்டுமே கன்ட்ரோலரைத் தொட முடிகிற ஒருவர் அந்த நான்கு மாதத்தில் முக்கால்வாசிக் கதையைத்தான் பார்த்திருப்பார்.

‘ஜி.டி.ஏ. 5’ கதை இன்னும் வேடிக்கை. 2020 ஜனவரியில் வந்தது, மே மாதம் போனது. 2021 ஏப்ரலில் திரும்பி வந்து ஆகஸ்டில் கிளம்பியது. 2023 ஜூலையில் மறுபடி வந்து 2024 ஜனவரியில் மறுபடி போனது. 2025 ஏப்ரலில் நான்காவது முறையாக உள்ளே நுழைந்தது. 

2017 ஜூன் மாதம் தொடங்கிய இந்தச் சந்தா சேவையில் இப்போது நானூறுக்கு மேல் கேம்கள் இருக்கின்றன என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அதில் சிறந்த பத்து எவை என்று பட்டியல் போடுவது எளிது. ஆனால் அந்தப் பட்டியலோடு உட்காருபவர் பெரும்பாலும் இரண்டு கேமைப் பாதியில் விட்டு, மூன்றாவதை டவுன்லோடு மட்டும் செய்துவைத்து, ஆறு மாதச் சந்தா கட்டியிருப்பார். தொகுப்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது. எந்த கேம் எத்தனை நாள் இருக்கும், அதை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்ற இரண்டு கணக்கையும் போட்டுத்தான் இங்கே கேமைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திட்டத்தைத் தேர்வது

சந்தா தேவையா என்பதே முதல் கேள்வி. வீட்டில் பிள்ளைகள் விளையாடுவது ‘ஃபோர்ட்நைட்’ மாதிரி இலவச கேம்கள் மட்டும்தான் என்றால் தேவையில்லை. இலவச கேம்களை ஆன்லைனில் விளையாட எக்ஸ்பாக்ஸில் சந்தா வேண்டும் என்ற நிபந்தனை 2021 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இது தெரியாமல் மாதாமாதம் பணம் கட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

தேவைதான் என்றால், 2025 அக்டோபரில் மாற்றியமைக்கப்பட்ட மூன்று திட்டங்கள் முன்னால் நிற்கும்: எசென்ஷியல், பிரீமியம், அல்டிமேட். அந்த மாற்றத்தின்போது இந்தியாவில் அவற்றின் மாத விலை முறையே 499, 699, 1,389 ரூபாய். அல்டிமேட் அதற்கு முன்பு 829 ரூபாயாக இருந்தது என்பதால் கூச்சல் பலமாகவே எழுந்தது. இந்த விலைகள் மாறக்கூடியவை. கட்டும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

எசென்ஷியலில் சுமார் ஐம்பது கேம், பிரீமியத்தில் சுமார் இருநூறு. முக்கியமான வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை, நாளில் இருக்கிறது. புது கேம் வெளியான அன்றே கையில் கிடைப்பது அல்டிமேட்டில். மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஸ்டூடியோக்கள் செய்யும் கேம்கள் பிரீமியத்துக்கு ஓராண்டுக்குள் வந்து சேரும், ‘கால் ஆஃப் டூட்டி’ தவிர. அல்டிமேட்டோடு ஈ.ஏ. பிளே தொகுப்பும் சேர்ந்து வருகிறது.

வெளியான அன்றே விளையாடியாக வேண்டும் என்ற அரிப்பு இல்லாதவர்களுக்குப் பிரீமியமே தாராளம். பழைய கேம் எதையும் தொடாமல் புதிதாக கன்சோல் வாங்கியவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அவர்களுக்குப் பழையதெல்லாம் புதிதுதான்.

வெளியே போகிறவை எவை?

சந்தா கட்டியதும் எல்லோரும் செய்வது, முகப்பில் பெரிதாகத் தெரியும் கேமை அழுத்துவது. அதை ஒரு பத்து நிமிடம் தள்ளிப்போடலாம். கேம் பாஸ் ஆப்பிலும் கன்சோலிலும் ‘லீவிங் சூன்’ என்று ஒரு வரிசை உண்டு. பொதுவாக மாத நடுவிலும் மாதக் கடைசியிலும் கேம்கள் வெளியேறுகின்றன. சுமார் இரண்டு வாரம் முன்பே அறிவிப்பு வந்துவிடும். முதலில் திறக்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

அங்கே பிடித்த கேம் இருந்தால், அதன் நீளம் என்ன என்று பார்க்க வேண்டும். ‘ஹவ் லாங் டு பீட்’ என்ற தளத்தில் கேமின் பெயரைப் போட்டால், கதையை முடிக்க மற்றவர்களுக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் ஆனது என்று காட்டும். இரண்டு வாரத்தில் எட்டு மணி நேரக் கேமை முடித்துவிடலாம். நாற்பது மணி நேரக் கேமை அப்போது தொடங்குவது வீண் வேலை. அதைத் தள்ளுபடி விற்பனையில் வாங்கிக்கொள்ளலாம்.

சொந்த ஸ்டூடியோ கேம்கள், அதாவது ‘ஹேலோ’, ‘ஸ்டார்ஃபீல்ட்’, ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’ போன்றவை அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை. அவற்றை வரிசையின் கடைசியில் வைக்கலாம். இதற்கும் விதிவிலக்கு உண்டு. பிரிட்டனின் சாலைகளில் கார் ஓட்டும் ‘ஃபோர்ஸா ஹொரைசன் 4’ மைக்ரோசாஃப்ட்டின் சொந்தப் பிள்ளைதான். ஆனாலும் 2024 டிசம்பர் 15-ஆம் தேதி கேம் பாஸிலிருந்தும் கடையிலிருந்தும் ஒரே நாளில் எடுக்கப்பட்டது. நிஜக் கார்களையும் நிஜப் பாட்டுகளையும் கேமுக்குள் வைக்க வாங்கிய உரிமம் காலாவதியாகும்போது இப்படி நடக்கும். ஆகவே கார் பந்தய கேம்களை மட்டும் ‘அப்புறம் பார்க்கலாம்’ கணக்கில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

நேரத்துக்கு ஏற்ற கேம்

ஒரே உட்காரலில் முடிகிறவை, வார இறுதிகளில் முடிகிறவை, மாதக்கணக்கில் இழுப்பவை என்று பிரித்துக்கொண்டால் தேர்வு சுலபமாகிவிடும். கேம் பாஸ் வழியாக வந்த கேம்களில் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒன்றிரண்டு பார்க்கலாம். (இவற்றில் எது இன்றைக்கு இருக்கிறது என்பதை ஆப்பில் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான்.)

ஒரே உட்காரலுக்கு ‘வெண்பா’. டொரொண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய இது, 2023 ஜூலை 31 அன்று வெளியான நாளிலேயே கேம் பாஸிலும் வந்தது. 1980-களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். அம்மாவின் சமையல் நோட்டு ஊர் விட்டு ஊர் வந்ததில் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. பக்கத்தில் மிச்சம் இருக்கும் அரைகுறைக் குறிப்பை வைத்து சமைப்பதுதான் விளையாட்டு. இட்லிப் பானையில் தட்டுகளை எப்படித் திருப்பி அடுக்கினால் ஆவி மேல்தட்டு வரைக்கும் போகும்? புட்டுக்குழலில் எதற்கு மேல் எது? வெளிநாட்டுக்காரருக்கு இது புதிர். நம் வீட்டுச் சமையலறையில் நின்றவருக்குக் கை தானாகப் போகும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது இதற்குத்தான் கிடைத்தது. இவ்வளவு சிறிய கேமை முழு விலை கொடுத்து வாங்கப் பலர் யோசிப்பார்கள். சந்தாவில் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. சந்தா சேவையின் உண்மையான லாபம் இப்படிப்பட்ட கேம்களில்தான்.

இந்தியாவில் செய்த ஒன்றும் கேம் பாஸுக்கு வந்துபோயிருக்கிறது: புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய ‘ராஜி’, 2021 ஜூலையில்.

வார இறுதிகளுக்கு ‘ஹைஃபை ரஷ்’. 2023 ஜனவரி 25 அன்று அறிவிப்பும் வெளியீடும் ஒரே நாளில் நடந்தன. அதற்கு முன் யாரும் கேள்விப்படாத கேம். இதில் உலகமே தாளத்துக்கு ஆடுகிறது. தொழிற்சாலைக் குழாய் ஆவி விடுவதும் மேடைகள் நகர்வதும் நாயகன் சாயின் நடையும் ஒரே தாளத்தில். கூடவே வரும் 808 என்ற இயந்திரப் பூனையும் அதே தாளத்தில் துடித்துக் காட்டும். பட்டனைத் தாளத்தில் அழுத்தினால் அடி பலமாக விழும்; தப்பினாலும் கேம் தண்டிப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கதை முடியும். இதைச் செய்த டாங்கோ கேம்வொர்க்ஸை 2024 மே மாதம் மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொரியாவின் கிராஃப்டன் அந்த ஸ்டூடியோவை எடுத்துக்கொண்டது.

படிக்கப் பிடிக்கிறவர்களுக்கு ‘பென்டிமென்ட்’. பதினாறாம் நூற்றாண்டு பவேரியாவில் ஒரு கொலை, விசாரிக்கிறவன் ஓவியன். துப்பாக்கியோ சண்டையோ இல்லை, பேச்சுதான். அந்தப் பேச்சு திரையில் விழும் எழுத்து, ஆளுக்கு ஆள் மாறுகிறது: துறவிக்கு ஒரு கையெழுத்து, குடியானவனுக்கு வேறு, அச்சுக்கூடக்காரருக்கு அச்செழுத்து. இதை உரையாடல் அதிகமான, மெதுவான கேம் என்று ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு. ஒதுக்கட்டும்.

நேரமே இல்லாதவர்களுக்கு ‘வேம்பயர் சர்வைவர்ஸ்’. ஒற்றை ஸ்டிக்கை நகர்த்தினால் போதும், ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் அரை மணி நேரம். இதுதான் 2023-இல் பெரிய பட்ஜெட் கேம்களைத் தள்ளிவிட்டு பாஃப்டாவின் சிறந்த கேம் விருதை எடுத்தது. ‘இன்னும் ஒரு சுற்று’ என்று விடியவைக்கும் குணம் இதற்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டே தொடங்கலாம்.

இரண்டு பேர் ஒரே சோபாவில் உட்கார்ந்து விளையாட, ஈ.ஏ. பிளே வழியாக வரும் ‘இட் டேக்ஸ் டூ’. தனியாக விளையாடவே முடியாது என்று வடிவமைக்கப்பட்டது.

நீளமானதில் ஒன்று என்றால் ‘க்ளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’. பிரான்ஸின் மான்பெலியே நகரில் உள்ள சாண்ட்ஃபால் என்ற சின்ன ஸ்டூடியோவின் முதல் கேம். 2025 ஏப்ரல் 24 அன்று முதல் நாளிலேயே கேம் பாஸில் வந்தது, ஆண்டுக் கடைசியில் த கேம் அவார்ட்ஸின் ஆண்டின் சிறந்த கேம் ஆனது. சந்தாவில் கிடைத்தால் யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு இதன் பதில்: 33 நாளில் 33 லட்சம் பிரதிகள் விற்றன. முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகையால் இதைத் தொடங்கும் மாதத்தில் வேறு பெரிய கேமைக் கூடவே திறக்காமல் இருப்பது உத்தமம்.

டவுன்லோடுக்கு முன் ஒரு சோதனை

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இன் 512 ஜிபி மாடலில் கேம்களுக்குக் கிடைப்பது சுமார் 364 ஜிபிதான். ‘கால் ஆஃப் டூட்டி’ ஒன்றே நூறு ஜிபியைத் தாண்டும். நான்கைந்து பெரிய கேமை இறக்கினால் இடம் தீர்ந்துவிடும். கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் இந்தியாவுக்கும் வந்துவிட்டதால் இப்போது ஒரு வழி இருக்கிறது: கிளவுடில் ஓடும் கேமை டவுன்லோடு செய்யாமலே அரை மணி நேரம் விளையாடிப் பார்க்கலாம். படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பட்டன் சற்றுத் தாமதமாகக் கேட்கும். ஆனால் கேம் பிடிக்கிறதா என்று முடிவு செய்ய அது போதும். பிடித்தால் இரவில் டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கலாம். மொபைல் ஆப்பிலிருந்தே கன்சோலுக்கு டவுன்லோடு உத்தரவு கொடுக்கலாம், கன்சோல் ஸ்லீப் மோடில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் அழித்துவிடலாம். சேவ் கிளவுடில் தங்கிவிடும். கேம் தொகுப்பிலிருந்து போன பிறகு அதைக் காசு கொடுத்து வாங்கினாலும், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். வெளியேறப்போகும் கேம்களை உறுப்பினர்கள் தள்ளுபடியில் வாங்கும் வசதியும் வழக்கமாக உண்டு. வேண்டும் என்றால் கடைசி நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கூடுதல் பகுதிகள், அதாவது டி.எல்.சி., விஷயத்தில் ஜாக்கிரதை. சந்தாவில் வந்த கேமுக்குக் காசு கொடுத்து டி.எல்.சி. வாங்கி, பிறகு அசல் கேம் வெளியேறிவிட்டால், அசலையும் வாங்கினால்தான் டி.எல்.சி. ஓடும்.

பிள்ளைகள் கையில் கன்சோல் இருக்கும் வீட்டில் இன்னொரு வேலை. ‘மைன்கிராஃப்ட்’ சந்தாவில் வரும்; அதற்குள் இருக்கும் கடைக்குத் தனிக் காசு. எக்ஸ்பாக்ஸ் ஃபேமிலி செட்டிங்ஸ் ஆப்பில் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு தொடங்கி, எதை வாங்குவதற்கும் பெற்றோர் அனுமதி வேண்டும் என்று வைத்துவிட்டால் மாதக் கடைசியில் கார்டு பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு

பிளேஸ்டேஷன் பிளஸில் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கேயும் மூன்று அடுக்கு: எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, அதற்கு மேல் இந்தியாவில் டீலக்ஸ். மாத கேம்கள் ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாயன்று மாறும். அவற்றை ‘லைப்ரரியில் சேர்’ என்று ஒருமுறை அழுத்திவிட்டால், சந்தா இருக்கும் வரை அவை நம் கணக்கிலேயே இருக்கும். சந்தா நின்றால் பூட்டிக்கொள்ளும், மறுபடி கட்டினால் திறக்கும். விளையாட நேரம் இல்லாத மாதத்திலும் அந்த ஒரு அழுத்தல் முக்கியம். எக்ஸ்ட்ராவின் பெரிய தொகுப்புக்கு இந்தச் சலுகை இல்லை. சோனியின் சொந்த ‘ஸ்பைடர்மேன்’ 2023 மே மாதமும், ‘ஹொரைசன் ஸீரோ டான்’ 2024 மே மாதமும் அங்கிருந்து கிளம்பின. ஆக, அங்கே சொந்த கேம்தானே, எங்கே போய்விடும் என்று ஆறப்போட முடியாது. கிளம்பப்போகும் வரிசையைப் பார்த்துத் தொடங்கும் பழக்கம் பிளேஸ்டேஷனுக்கும் அப்படியே பொருந்தும்.

நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்

தேர்வு, கல்யாணம், ஊருக்குப் போவது என்று கன்ட்ரோலரைத் தொடாத மாதங்கள் எல்லா வீட்டிலும் வரும். அப்படிப்பட்ட மாதத்துக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. சந்தா கட்டிய அன்றே கணக்குப் பக்கத்தில் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுவது வசதி. கட்டிய மாதம் முடியும் வரை சேவை கிடைக்கும். அணைக்க மறந்தாலும், 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதியின்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாவது வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ். வந்ததும் ‘லீவிங் சூன்’ வரிசையையும், தொடங்கி பாதியில் நிற்கும் கேம்களையும் ஒரு பார்வை பார்த்தால், அடுத்த மாதம் வேண்டுமா வேண்டாமா என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம். வேண்டாம் என்றால் தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியை (மேண்டேட்) வங்கியின் ஆப்பிலேயே ரத்து செய்யும் வசதியும் இருக்கிறது.