சட்டமன்றத்துக்குப் போகும் காப்பீட்டுக் கணக்கு: எந்த எண்ணைப் பார்க்கணும்?

மே மாசக் கடைசியில உங்க வங்கிக் கணக்குல 436 ரூபாய் இல்லைன்னா என்ன ஆகும்? நமக்குப் பெருசா ஒண்ணுமில்ல. ஆனா பிள்ளையார்பாளையத்துல குழித்தறியில உட்கார்ந்து நெய்யிறவர் ஒருத்தர், வங்கி வழியா பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்துல சேர்ந்திருக்காருன்னு வச்சுக்கோங்க. பிரீமியம் எடுக்கப் பணம் இல்லைன்னா, ஜூன் 1-லேர்ந்து அவருடைய 2 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு புதுப்பிக்கப்படாது. பட்டு விற்பனை மந்தமா இருந்து கூலி தள்ளிப்போன மாசமா அது இருந்தா, அவருக்கே இது தெரியாமப் போகலாம்.

சரி, இப்படி எத்தனை பேருக்கு நின்னுபோச்சுன்னு காஞ்சிபுரம் எம்.எல்.ஏ.வுக்கு யார் சொல்லுவாங்க?

முதல்ல சட்டத்தைப் பார்ப்போம். காப்பீடு, அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில ஒன்றியப் பட்டியல்ல 47-வது இனம். கண்காணிக்கிறது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 1999-ம் வருஷச் சட்டத்தின் 20-வது பிரிவுப்படி அது தன் ஆண்டறிக்கையை ஒன்றிய அரசுக்குக் கொடுக்கணும்; அது நாடாளுமன்றத்துல வைக்கப்படும். சட்டமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கணும்னு அந்தப் பிரிவு சொல்லல. அமெரிக்காவுல கதை வேற. அங்க 1945-ல வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் இந்தப் பொறுப்பை மாநிலங்கள்கிட்டயே விட்டுடுச்சு. அதனால என்னென்ன தகவல் தங்களுக்கு வரணும்னு மாநிலச் சட்டமன்றங்களே தீர்மானிக்க முடியுது.

ஆனா பிரீமியம் கட்டுறதுல நம்ம மாநில அரசுக்கும் பங்கு இருக்கே! முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அப்படித்தான் நடக்குது. அந்தப் பணத்துக்குக் கணக்கு சட்டமன்றத்துக்கு ரெண்டு வழியா வருது. ஒண்ணு, மானியக் கோரிக்கையின்போது துறை அமைச்சர் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பு. இன்னொண்ணு, 151(2) கூறின்படி ஆளுநர் மூலமா வைக்கப்படுற தணிக்கை அறிக்கை. ரெண்டாவது ஆழமானது, ஆனா எல்லா வருஷமும் எல்லாத் திட்டத்தையும் தொடாது. அதனால கைத்தறித் துறையோட கொள்கைக் குறிப்புதான் நெசவாளருக்கு வருஷா வருஷம் கிடைக்கிற கண்ணாடி.

இங்கதான் நம்ம பாடம். மகாத்மா காந்தி புங்கர் பீமா திட்டம்னு எல்.ஐ.சி. நடத்தின ஒண்ணு இருந்தது. பிரீமியம் 470 ரூபாய். அதுல நெசவாளர் பங்கு 80, ஒன்றிய அரசு 290, எல்.ஐ.சி. 100. இயற்கை மரணத்துக்கு 60,000, விபத்து மரணத்துக்கு 1,50,000. ஒன்பதாவதிலேர்ந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற ரெண்டு பிள்ளைகளுக்கு மூணு மாசத்துக்கு 300 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. 2017-18-லேர்ந்து 18 முதல் 50 வயதுக்காரங்களை ஜீவன் ஜோதி, சுரக்ஷா பீமா திட்டங்களுக்கு மாத்தினாங்க. ஏற்கெனவே சேர்ந்திருந்த 51 முதல் 59 வயதுக்காரங்களுக்குப் பழைய பலன் தொடர்ந்தது. ஆக, ஒரே தெருவுல 49 வயசுக்காரர் குடும்பத்துக்கு 2 லட்சம், 53 வயசுக்காரர் குடும்பத்துக்கு 60,000. "இத்தனை நெசவாளர்கள் காப்பீடு பெற்றனர்"னு ஒரே வரி போட்டா இந்த வித்தியாசம் மறைஞ்சே போயிடும்.

அடுத்த சிக்கல் நம்ம ஆளுங்களுக்கு உடனே புரியும். ஜீவன் ஜோதி மாதிரித் திட்டங்களோட புள்ளிவிவரம் 'இதுவரை சேர்ந்தவர்கள்'னு மொத்தமாத்தான் சொல்லப்படுது. நிரல்ல ஒரு கவுண்ட்டர் வச்சு, கூட்ட மட்டும் தெரிஞ்சு, கழிக்கவே தெரியாம விட்ட மாதிரி! பாலிசி நின்னாலும் அந்த எண் குறையாது. 1938-ம் வருஷக் காப்பீட்டுச் சட்டம் 64வி.பி. பிரிவு, பிரீமியம் முன்கூட்டியே வராம நிறுவனம் பொறுப்பேற்கக் கூடாதுங்குது. அதனால குடும்பத்துக்கு உதவுறது, சாவு நடந்த அன்னிக்கு உயிரோட இருந்த பாலிசி மட்டும்தான். எப்பவோ சேர்ந்த கணக்கை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது.

என்னைக் கேட்டா, குறிப்புல புதுசா நாலு பத்தி வேணும்: ஜூன் 1 அன்று நடப்பில் உள்ள பாலிசி, வந்த கோரிக்கை, மறுத்தது (காரணத்தோட), பணம் போய்ச்சேர எடுத்த நாள். இது மாவட்டவாரியா இருக்கணும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆண்டறிக்கையில மறுத்த கோரிக்கை, நிலுவைக் கோரிக்கை எல்லாம் வருது, ஆனா நிறுவன வாரியா. அதை வச்சு காஞ்சிபுரத்துல ஒரு தெருவோட நிலைமையைத் தெரிஞ்சுக்க முடியாது.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. அரசு இணையதளத்துல கைத்தறி, கைத்திறன், துணிநூல் மற்றும் கதர்த்துறையோட கொள்கை விளக்கக் குறிப்பு தமிழ்லயே இருக்கு. தரவிறக்கி, காப்பீட்டுப் பகுதியை மட்டும் படிங்க. நான் சொன்ன நாலுல எது இருக்கு, எது இல்லைன்னு குறிச்சுக்கோங்க. இல்லாததைக் காஞ்சிபுரம் கைத்தறித் துறை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. மனுவா எழுதுங்க. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினாப் போதும். 30 நாளுக்குள்ள பதில் தரணும். வந்த பதிலோட ஒரு நகலை உங்க தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துல, அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்னாடியே கொடுத்துடுங்க.