குளிர்காலத்தில் கூடார டிரெய்லர்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறோம். மடக்குக் கூடார டிரெய்லரைக் குளிர்காலம் முழுக்க வெளியே நிறுத்தலாமா? தார்ப்பாய் போட்டால் போதுமா?

பதில்: தாராளமாக நிறுத்தலாம். தார்ப்பாய் மட்டும் வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக்குக்கு அடியில் நீர் கோத்து, பருத்திக் கித்தானில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். அந்தக் கறை லேசில் போகாது. காற்றோட்டமுள்ள உறையாகப் பார்த்து வாங்குங்கள். மடிக்கும் முன் கித்தான் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தையலோரத்தையும் ஜிப்பை மூடும் மடிப்பையும் விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் அங்கேதான் தங்கும். மெத்தைகளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். எலிகளுக்கு அதைவிடச் சொகுசான கூடு கிடையாது. தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் வடித்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கை மாதக்கணக்கில் இழுத்து வைத்தால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை விடுவித்து வையுங்கள். இடையில் மழையில்லாத நாள் வாய்த்தால் ஒருமுறை விரித்து உலர்த்துங்கள்.