வீட்டில் வெப்பப் பம்பு வெந்நீர்க் கருவியை முறையாகப் பொருத்துதல்

மலைநாட்டு ஊர்களில் ஆண்டு முழுவதும், சமவெளியில் கார்த்திகை தொடங்கி மாசி வரையிலும், வெந்நீர் இன்றியமையாத பொருளாகும். விறகு அடுப்பும் தாமிரப் பாய்லரும் இருந்த இடத்தில் மின்சார கீஸர் வந்தது. கூரைமேல் சூரிய வெந்நீர்க் கலமும் வந்தது. இப்பொழுது வெப்பப் பம்பு என்னும் கருவி கடைகளில் விற்பனைக்கு வந்துள்ளது. இதன் விலை சாதாரண கீஸரின் விலையைப்போல் பல மடங்காகும். அவ்விலையை மின்சாரச் சிக்கனத்தின் வாயிலாக மீட்டுவிடலாம் என்று சொல்லி விற்கின்றனர். அது உண்மையே, ஆனால் மீட்பதும் இழப்பதும் கருவியைப் பொருத்துபவர் கையில் இருக்கிறது. ஆகவே, வாங்கும் வீட்டார் அறிந்திருக்க வேண்டியவற்றை இப்பாடத்தில் கூறுவோம்.

முதலில் இதன் இயக்கத்தைத் தெரிந்துகொள்ளுதல் நலம். மின் சுருள் வெப்பத்தை உண்டாக்குகிறது. வெப்பப் பம்போ வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் செலுத்துகிறது. குளிர்பதனப் பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தைப் பின்புறம் தள்ளுகிறதல்லவா? அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. பயன்கொள்ளும் பக்கம் மட்டும் வேறு. இக்கருத்தைக் கெல்வின் பிரபு என்று பின்னாளில் பெயர்பெற்ற விஞ்ஞானி வில்லியம் தாம்ஸன் 1852-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். ஸுவிட்ஸர்லாந்தின் ஜூரிச் நகர மன்றக் கட்டிடத்தில் 1938 முதல் ஆற்றுநீரின் வெப்பத்தைக் கொண்டே அறைகளைக் கதகதப்பாக்கினர். வீட்டு வெந்நீருக்கென்று கரியமில வாயுவை நிரப்பிய கருவிகள் ஜப்பானில் 2001-இல் விற்பனைக்கு வந்தன.

கணக்கைப் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி வெப்பத்திற்குச் சமம். 150 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு உயர்த்த, 150-ஐ 30-ஆல் பெருக்கி, 4,500 கிலோ கலோரி வேண்டும். இதை 860-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஐந்தேகால் யூனிட் ஆகிறது. மின் சுருள் இவ்வளவையும் மீட்டரிலிருந்தே எடுக்கும். நன்கு பொருத்திய வெப்பப் பம்பு, நம் சமவெளியின் வெதுவெதுப்பான காற்றில், சுமார் ஒன்றேமுக்கால் யூனிட் முதல் இரண்டு யூனிட்டுக்குள் வேலையை முடித்துவிடும். எஞ்சியது காற்றின் கொடை. ஊதகமண்டலத்துக் குளிர்கால விடியற்காலையில் இந்த லாபம் குறையும். காற்றில் வெப்பம் குறைவாக இருப்பதோடு, தகடுகளில் உறைபனியும் படியக்கூடும். ஆகையால் மலையூரில் இதை நண்பகலில் இயக்குவதே சரி. தொட்டியில் நுரைப்பஞ்சு உறை இருப்பதால் மதியம் காய்ந்த நீர் மறுநாள் காலைவரை சூடாக இருக்கும்.

இனி இடத்தைத் தேர்ந்தெடுத்தல். தொட்டியும் விசிறியும் ஒரே உடலாக உள்ளவை ஒரு வகை; தொட்டி உள்ளேயும் விசிறிப் பெட்டி வெளியேயும் இருப்பவை மற்றொரு வகை. எவ்வகையாயினும் கருவி ஏராளமான காற்றை இழுத்து, குளிர்ந்த காற்றை வெளிவிடுகிறது. சிறிய அறையில் அடைத்து வைத்தால், தான் விட்ட குளிர்ந்த காற்றையே மீண்டும் இழுத்து, வேலை நேரமும் மின்செலவும் பெருகும். ஓருடல் வகையை அறைக்குள் வைப்பதானால் சுமார் 700 கன அடி இடமேனும் வேண்டும் என்று உற்பத்தியாளர் பலர் குறிப்பிடுகின்றனர். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஏழடி உயரம் என்பது இவ்வளவே. கதவில் காற்றுத் தட்டிகள் அமைப்பது இன்னும் நன்று. வீட்டின் பின்புறத் தாழ்வாரம், மழைச் சாரல் படாத இடமாயின், பெரும்பாலும் போதுமானது.

நெசவாளர் வீடுகளுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டும். குளிர்ந்த காற்று வருகிறதே என்று சிலர் தறிக்கூடத்தில் இதை வைக்க விரும்பக்கூடும். அது கூடவே கூடாது. பஞ்சுத் தூசு தகடுகளின் இடுக்குகளில் மெத்தைபோல் படிந்து காற்றை அடைத்துவிடும். அதைவிடப் பெரிய கேடு மற்றொன்று உண்டு. இக்கருவி காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. காற்று உலர்ந்தால் பருத்திப் பாவு நூல் அறுபடும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. குழித்தறியின் பெருமையே அந்த ஈரத்தில் அல்லவோ இருக்கிறது! எண்ணெய்ப் புகை சூழும் சமையலறையும் உகந்ததன்று. புரோபேன் வாயு நிரப்பிய கருவியாயின், அடுப்பும் விளக்கும் அருகே இருத்தலாகாது. படுக்கையறைச் சுவரை ஒட்டி வைத்தால் இரவில் உறுமல் கேட்கும்.

150 லிட்டர் தண்ணீரின் எடையே 150 கிலோ. தொட்டியையும் சேர்த்தால் இன்னும் மிகும். ஆதலால் கான்கிரீட் மேடை கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து நிறுத்த வேண்டும். அடியில் ரப்பர் மெத்தைகள் இடவேண்டும். கருவியை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். குறிப்புப் புத்தகம் சொல்லும் நேரம்வரை நிமிர்த்தி வைத்த பிறகே இயக்க வேண்டும். பல உற்பத்தியாளர் ஒரு முழு நாள் என்கின்றனர். அவசரப்படும் தொழிலாளியிடம் இதை உறுதியாகச் சொல்ல வீட்டார் தயங்கலாகாது. ஈரக் காற்று நாள்களில் தகடுகளிலிருந்து பல லிட்டர் தண்ணீர் சொட்டும். அதற்குச் சரிவாகக் குழாய் வைத்துச் செடிப் பாத்திக்கோ சாக்கடைக்கோ விடாமற்போனால் சுவரின் அடிப்பாகம் நனைந்து ஊறும்.

மிகுந்த கவனம் வேண்டியது தண்ணீர்க் குழாய் வேலையிலேயாம். தண்ணீர் சூடேறினால் பருமனும் ஏறும். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் செல்லும்போது 150 லிட்டர் நீர் ஏறக்குறைய இரண்டு லிட்டர் பெருகுகிறது. குளிர்நீர்க் குழாயில் பின்னோக்கி ஓடாதபடி ஒருவழி வால்வு இருப்பதால், அந்த இரண்டு லிட்டருக்கு வெளியேற வழி வேண்டும். தொட்டியிலுள்ள பாதுகாப்பு வால்வு அவ்வழியைத் தருகிறது. ஒவ்வொரு முறை காயும்போதும் சிறிது சொட்டுவது அதன் இயல்பு. இதைக் கசிவு என்று எண்ணி, அதன் வாயில் மூடி திருகிவிடுவோர் இருக்கின்றனர். அப்படிச் செய்த தொட்டியில் வெப்பமானியும் பழுதாகிவிட்டால், தொட்டி வெடித்துச் சுவரையே பெயர்க்கவல்லது. அவ்வால்விலிருந்து வரும் குழாய் கீழ்நோக்கிச் சரிந்து, முனை திறந்து, யாரும் நடமாடாத இடத்தில், கண்ணுக்குத் தெரியும்படி முடியவேண்டும். அதில் வேறு வால்வு எதுவும் வைக்கலாகாது. வீட்டில் பிரஷர் பம்பு இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் வேண்டும். சாதாரண மேல்நிலைத் தொட்டி பத்து மீட்டர் உயரத்திற்கு ஒரு பார் அழுத்தமே தருவதால் அங்கே இத்தேவை இல்லை.

வெந்நீருக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் ஆகாது, சூட்டில் இளகிவிடும். சி.பி.வி.சி. அல்லது தாமிரக் குழாய் இட்டு, நுரை உறை சுற்றவேண்டும். குளியலறை தொட்டிக்கு அருகில் இருத்தல் நல்லது. அரை அங்குலக் குழாயில் பத்து மீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேற்பட்ட நீர் தங்கும். ஒவ்வொரு முறையும் அவ்வளவு சூடு வீணாகிறது.

சூட்டின் அளவைப் பற்றியும் ஒரு சொல். வெதுவெதுப்பில் நெடுநாள் தேங்கிய நீரில் லீஜியோனெல்லா என்னும் கிருமி வளரும். ஆகவே வாரம் ஒருமுறையேனும் 60 டிகிரிக்கு உயர்த்துமாறு கருவியை அமைத்தல் வேண்டும். ஆனால் 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கும். குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில், தொட்டி வாயிலில் குளிர்நீரைத் தானே கலக்கும் வால்வைப் பொருத்துவது வீண் செலவன்று.

மின்சார வேலையைத் தகுதிபெற்ற வயர்மேனே செய்யவேண்டும். கருவிக்குத் தனி இணைப்பு, தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பு, நல்ல எர்த் இவை நான்கும் கட்டாயம். மோட்டார் செட்டுகள் ஓடும் நேரத்தில் கிராமங்களில் வோல்டேஜ் தாழும். அங்கே ஸ்டெபிலைஸர் இன்றி கம்ப்ரஸர் நெடுநாள் நில்லாது. மின்சாரத்தை இணைக்குமுன் தொட்டியை நிரப்பி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று முழுதும் வெளியேறித் தண்ணீர் சீராக வரும்வரை காத்திருக்க வேண்டும். வறண்ட தொட்டியில் மின் சுருள் ஒரு நிமிஷத்தில் கருகிவிடும்.

பெரும்பாலான கருவிகளில் அவசரத்திற்கென்று ஒரு மின் சுருளும் உண்டு. வேலை சீக்கிரம் முடிந்ததாகக் காட்டும்பொருட்டு, பொருத்துவோர் அதை இயக்கத்திலேயே விட்டுச் செல்வதுண்டு. வெந்நீர் விரைவில் வரும், வீட்டாரும் மகிழ்வர், மின்கட்டணச் சீட்டு வந்த பிறகே உண்மை தெரியும். கடைசித் தவணையைக் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்வது நன்று. சுருளை நிறுத்தச் செய்து, வீட்டின் மற்ற இணைப்புகளையும் அணைத்து, தொட்டியில் குளிர்நீர் நிரம்பியிருக்கும்போது மீட்டரைக் குறித்துக்கொள்க. நீரின் வெப்பத்தையும் வெப்பமானியால் அளந்து எழுதுக. 55 டிகிரி வந்ததும் மீண்டும் மீட்டரைப் பார்க்க. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், அது குறையன்று. மேலே சொன்ன 150 லிட்டருக்கு இரண்டு யூனிட் அளவில் நின்றால் வேலை செவ்வையாக நடந்திருக்கிறது. மூன்றைத் தாண்டினால் காற்றோட்டத்தையும் வாயு நிரப்பையும் ஆராயச் சொல்க. ஐந்தை நெருங்கினால் சுருள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பொருத்திய தேதியையும் இந்த அளவுகளையும் உத்தரவாதச் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்க. தொட்டியின் உள்ளே துரு பிடிக்காமல் தான் அரிந்துபோகும் மெக்னீஷியத் தண்டு ஒன்று இருக்கும். கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் உப்பாக உள்ள ஊர்களில் அதை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கவேண்டும். பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் புதிது இடுக. அதே நாளில் பாதுகாப்பு வால்வின் நெம்பியைத் தூக்கித் தண்ணீர் தாராளமாகப் பாய்கிறதா என்று பார்த்து, தகடுகளை மென்மையான தூரிகையால் துடைத்து, அடிக்குழாயைத் திறந்து வண்டலை வெளியேற்றிவிடலாம்.