சேற்றுப்புண்ணும் புற ஊதா விளக்கும்

சம்பா நடவில் நாள் முழுக்கச் சேற்றில் நிற்பவர்களின் கால்விரல் இடுக்கு ஊறி, வெளுத்து, அரிப்பெடுக்கும். தஞ்சாவூர் வட்டாரத்தில் சேற்றுப்புண் எனப்படும் இதன் காரணத்தைத் தோலைக் கீறாமலே தேட ஒளிக்கருவிகள் உண்டு. அவற்றைப் பற்றிய தவறான எண்ணங்களும் உண்டு.

நம்பிக்கை: சேற்றுப்புண் எல்லாம் ஒன்றுதான், எந்தக் களிம்பும் கேட்கும்.

உண்மை: தோல் பூஞ்சை, கேண்டிடா என்ற ஈஸ்ட், பாக்டீரியா ஆகிய மூன்றும் விரலிடுக்கில் ஏறத்தாழ ஒரே தோற்றம் தரும். பாக்டீரியாவால் வரும் எரித்ராஸ்மாவை வுட்ஸ் விளக்கு எளிதில் பிரித்துக் காட்டும். ராபர்ட் வுட் 1903இல் உருவாக்கிய வடிகட்டியிலிருந்து பிறந்த விளக்கு இது. சுமார் 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியை இருட்டறையில் காலில் பாய்ச்சினால், அந்தப் பாக்டீரியா உண்டாக்கும் போர்ஃபிரின் என்ற வேதிப்பொருள் பவளச் சிவப்பாக ஒளிரும். ஸ்டீராய்டு கலந்த களிம்போ அரிப்பை மட்டும் அடக்கி, பூஞ்சையை உள்ளே வளரவிடும்.

நம்பிக்கை: காலை நன்றாகக் கழுவிக்கொண்டு போனால்தான் சோதனை சரியாக வரும்.

உண்மை: இந்தச் சோதனைக்கு அது நேர்மாறு. போர்ஃபிரின் நீரில் கரையும். அப்போதுதான் கழுவிய காலில் பவளச் சிவப்பு தெரியாமல் போகலாம். மஞ்சள் பூசியிருந்தால் மஞ்சளே ஒளிர்ந்து குழப்பும். மருதாணி தோலின் நிறத்தை மறைத்துவிடும். என்ன பூசினோம், எப்போது கழுவினோம் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

நம்பிக்கை: ஒளிரவில்லை என்றால் பூஞ்சை இல்லை.

உண்மை: உடம்பிலும் காலிலும் படர்தாமரை உண்டாக்கும் பூஞ்சைகளில் பெரும்பாலானவை ஒளிர்வதே இல்லை. செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதில் வலி இல்லை.

நம்பிக்கை: கறுத்த தோலில் இந்தக் கருவிகள் எடுபடாது.

உண்மை: கையடக்க டெர்மோஸ்கோப்பில் 10 மடங்கு பெருக்கும் லென்ஸும் ஒளியும்தான் இருக்கின்றன, எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை. கறுத்த தோலில் சிவப்பைக் காண்பது கடினம் என்பது உண்மையே. ஆனால் மிலிந்த் ராஜாத்யக்ஷாவும் அவருடன் ஆய்வு செய்தோரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, தோலை வெட்டாமலே உள்ளே படம் பிடிக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கியில், தோலின் நிறமியான மெலனினே படத்தைத் துலங்கச் செய்கிறது என்று காட்டியது.

நம்பிக்கை: வெள்ளைத் திட்டு என்றால் தொழுநோய்.

உண்மை: குடும்பங்களை அதிகம் வதைத்த தவறு இதுதான். வெண்புள்ளியில் நிறமி முற்றிலும் அழிந்திருப்பதால், விளக்கில் அது நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சிடும். தொழுநோய்த் திட்டில் நிறம் குறைந்திருக்குமே தவிர அப்படிப் பளிச்சிடாது. இருந்தாலும் தொழுநோயை முடிவு செய்வது விளக்கு அல்ல. திட்டில் உணர்ச்சி குறைந்துள்ளதா, நரம்பு தடித்துள்ளதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் வேண்டும். நோய் உறுதியானால், 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.