டிரைவர் பரிசோதனை: அழகு முக்கியமா, அளவு முக்கியமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் "டிரைவர்" என்ற சொல்லை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். பிரிண்டர், வைஃபை கருவி போன்றவற்றுக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவில் நின்று பேசும் புரோகிராம்தான் டிரைவர். பெரும்பாலான டிரைவர்கள் கெர்னல் எனப்படும் மையப் பகுதிக்குள்ளேயே இயங்குகின்றன. சாதாரண புரோகிராம் தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் தவறு செய்தால் கம்ப்யூட்டரே நின்றுவிடலாம். வெளியாள் உள்ளே நுழையவும் வழி கிடைத்துவிடலாம்.

அடையாறில் ஓர் அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதும் டிரைவர் திருத்தங்களைப் படித்துப் பார்த்து ஏற்பதா வேண்டாமா என்று சொல்வது என் வேலை. வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சுத்தம் செய்வது: இடைவெளிகளைச் சீராக்குவது, புரியாத பெயர்களை மாற்றுவது. இன்னொன்று, எல்லைச் சோதனை சேர்ப்பது.

எல்லைச் சோதனை என்றால் என்ன? உங்கள் வீட்டு சம்ப் 6,000 லிட்டர் பிடிக்கும். மெட்ரோ வாட்டர் லாரி 9,000 லிட்டரோடு வருகிறது. "சம்ப் எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்காமல் குழாயைத் திறந்தால் மீதித் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். அந்தக் கேள்விதான் எல்லைச் சோதனை. சுத்தம் செய்வது சம்ப் மூடிக்குப் பெயின்ட் அடிப்பது போன்றது.

வைஃபை பெயரையே எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒதுக்கப்பட்ட இடம் 32 பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். "அடையாறு" 7 குறிகள், 21 பைட், அடங்கிவிடும். "மயிலாப்பூர்" கண்ணுக்கு ஆறே எழுத்து. ஆனால் ம, ய, கொக்கி, ல, கால், ப, புள்ளி, ப, ஊகாரக் குறி, ர, புள்ளி என 11 குறிகள். 33 பைட்! ஒரே ஒரு பைட் வெளியே வழிகிறது. (மயிலாப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

லினக்ஸ் கெர்னலில் 2021ல் இப்படித்தான் நடந்தது. ரியல்டெக் 8188இயூ என்ற யூஎஸ்பி வைஃபை சில்லின் டிரைவர், தேட வேண்டிய வைஃபை பெயரின் நீளத்தைச் சரிபார்க்காமல் 32 பைட் இடத்தில் எழுதியது. அது இருந்தது "ஸ்டேஜிங்" என்ற பகுதியில். இன்னும் செப்பமாகாத டிரைவர்களுக்காக 2008ல் ஏற்பட்ட இடம் இது. புதியவர்கள் சுத்தம் செய்து பழகுவதும் இங்கேதான். எத்தனையோ பேர் இடைவெளிகளைச் சீராக்கிய கோப்புகளுக்குள் இந்த ஓட்டை இருந்தது. அடைக்கச் சில வரிகளே போதுமாக இருந்தன.

இரண்டையும் ஒரே திருத்தத்தில் கலந்து அனுப்பினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். 300 வரி பெயின்ட் வேலைக்குள் முக்கியமான ஒரு வரி கண்ணில் படாது. இன்னொரு காரணமும் உண்டு. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது பெரும்பாலும் சற்றுப் பழைய கெர்னல். அதற்கான "ஸ்டேபிள்" வரிசை, உண்மையான பிழைகளுக்கான சிறிய திருத்தங்களையே ஏற்கும். 100 வரிக்கு மேல் கூடாது, வெறும் இடைவெளித் திருத்தம் கூடாது என்பது விதி. எனவே எல்லைச் சோதனை முதலில், தனியாக. சுத்தம் பிறகு.

எல்லைச் சோதனை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் முடியாது. 32 கட்டங்களின் எண்கள் 0 முதல் 31 வரை. "32 வரை போகலாம்" என்று எழுதிவிட்டால் 33வது கட்டத்தில் கை வைத்துவிடும். சுத்தமும் வீண் அல்ல; குழம்பிய கோடில் இத்தகைய பிழை தெரியவே தெரியாது. ஆனால் தேவையில்லை என்று நினைத்து ஒரு சோதனையையே துடைத்துவிடும் சுத்தக்காரர்களும் உண்டு!

விண்டோஸ்காரர்களுக்கும் இது பொருந்தும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர், 20 தகவல்களே இருந்த இடத்தில் 21வதைப் படிக்கப் போனது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் பழைய 8188இயூ டிரைவர், அத்தனை பெயின்ட் வேலையோடும், 2021லேயே கெர்னலிலிருந்து நீக்கப்பட்டு வேறொன்று வந்தது. ரிச்சி தெருவில் வாங்கிய வைஃபை கருவியில் என்ன சில்லு என்று அறிய, லினக்ஸ் டெர்மினலில் எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிறகு சாஃப்ட்வேர் அப்டேட்டரைத் திறந்து, கெர்னல் அப்டேட் காத்திருந்தால் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்யும் வரை பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.